வர்த்தமான குமாரரை அசைபடமாக வரைதல்

பாடசாலைச் சிறார்க்கு வர்த்தமான குமாரரின் இளமைப் பருவத்தை அசைபடமாக்கிக் காட்ட நம் இளைஞர் சிலர் விரும்புகின்றனர். விருப்பம் நன்றே. நடிகர் ஒருவர் தீர்த்தங்கரராக வேடம் புனைவதை நம்முட் பலர் மனம் ஏற்பதில்லை. சித்திரத்திற்கு அவ்விடர் இல்லை.

முன்மாதிரிக்குத் தொலைவில் தேட வேண்டா. திருப்பருத்திக்குன்றத்தில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387ஆம் ஆண்டளவில் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தை நோக்குக. (ஓவியங்கள் பிற்காலத்தவை.) ஒரே பட்டையில் ஒருவரே மீண்டும் மீண்டும் தோன்றுவார்; கீழே தமிழில் விளக்கமும் உண்டு. அங்கே கண் நகரக் கதை நகரும். அசைபடத்திலோ கண் நிற்கப் படம் நகரும். நொடிக்கு 24 சட்டங்கள். ஒரு சித்திரத்தை இருமுறை பதித்தால் 12 போதும். பத்து நிமிடப் படத்திற்கு 7,200 சித்திரங்கள்! இடைச் சித்திரங்களை இன்று கணினியே நிரப்பும். முதன்மை நிலைகளை மட்டும் நாமே வரைதல் நலம்.

ஜினபிம்பத்தில் சிங்க இலாஞ்சனையால் மகாவீரரை அறிகிறோம். அரண்மனைக் குமாரருக்கு அவ்வடையாளம் இல்லை. ஆகவே பொன்னிற மேனியும் மகுடமும் நிற்கும் பாங்கும் காட்சிதோறும் மாறாதிருத்தல் வேண்டும்.

சங்கம தேவன் பாம்பாகி மரத்தைச் சுற்றிய நிகழ்ச்சியைச் சிறார் பெரிதும் விரும்புவர். இங்கே பலர் குமாரரைப் போர்வீரராக்கி விடுகின்றனர், அது பொருந்தாது. தோழர்கள் குதித்தோடுகின்றனர், அவரோ பாம்பின்மீதே அடிவைத்து அமைதியாக இறங்குகிறார். அச்சமின்மையை வாளாலன்று, வேகத்தின் வேறுபாட்டால் காட்டுக: ஓடும் பிள்ளையின் ஓரடிக்கு நான்கு சித்திரம், குமாரரின் ஓரடிக்குப் பன்னிரண்டு. முகத்தில் சினம் கூடாது. பாம்பு துன்புறுவதாகவும் வரையலாகாது.

வடநாட்டுப் படக்கதைகளைப் பார்த்து வரைவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். சுவேதாம்பர மரபில் குமாரருக்கு யசோதையுடன் திருமணம் உண்டு; தாயார் கண்ட கனவுகள் 14. நம் திகம்பர மரபில் திருமணம் இல்லை, கனவுகள் 16. இரண்டையும் மதிப்போம், கலந்து வரையோம். ஸ்ரீபுராணம் கேட்ட பாட்டி ஒன்று சொல்ல, திரை வேறொன்று காட்டினால் பிள்ளை எதை நம்பும்?

முப்பதாம் வயதில் துறவேற்கும் காட்சியில் ஓவியர் தயங்குவர். இடையில் ஆடை சேர்த்து மழுப்புதல் நம் மரபன்று. அணிகலன்கள் ஒவ்வொன்றாகத் தரையில் சேர்வதையும், ஐந்து பிடியாகக் கேசம் களைவதையும் அருகிற் காட்டி, பின்னர்த் தொலைவில் மரத்தடியில் அசைவற்ற திருவுருவைக் காட்டலாம். முற்காட்சிகளில் அணிகலன்களை நிறைவாக வரைந்திருந்தாலன்றி இங்கே இழப்பு விளங்காது.

கணினி இல்லாத பாடசாலைகள் இக்காட்சியை 24 தாள்களில் வரைந்து, ஓரத்தைத் தைத்து, விரலால் விரைந்து புரட்டிப் பார்க்கலாம்.