பேட்டரியா, பெல்ட்டா?

மைசூர் மாவட்டத்தில் ராகி, கரும்பு, வாழை விளைகின்றன. வாழை வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் போகாது. சின்ன டிராக்டர் போகும். அதனால் சிறு விவசாயிகளுக்கு அது உதவுகிறது.

மழை பெய்து மண் பதமாக இருக்கிறது. இன்றே உழ வேண்டும். ஆனால் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. "பேட்டரி போச்சு, புதுசு வாங்கு" என்பார்கள். புது பேட்டரிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அவசரப்படலாமா? நஞ்சன்கூடு பக்கம் ஓர் அக்காவும், மெக்கானிக் தம்பியும் பேசுகிறார்கள். படியுங்கள்.

தம்பி: அக்கா, பேட்டரி தண்ணீர்த் தொட்டி மாதிரி. ஆல்டர்னேட்டர் அதை நிரப்பும் பம்பு மாதிரி. தொட்டி காலி என்றால் தொட்டியை மட்டும் குறை சொல்லலாமா?

அக்கா: பம்பையும் குழாயையும் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது, தம்பி?

தம்பி: முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். அது பேட்டரிக்குள் போகக் கூடாது. துடைத்து, கேபிளை இறுக்குங்கள்.

அக்கா: எந்தக் கேபிளை முதலில் கழற்றுவது?

தம்பி: மைனஸ் கேபிளை. மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் டிராக்டர் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும்.

அக்கா: பெல்ட்?

தம்பி: இன்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் 1 சென்டிமீட்டர் அமுங்கலாம். அதிகம் அமுங்கினால் பெல்ட் வழுக்கும், சார்ஜ் ஏறாது.

அக்கா: மீட்டர் வைத்துப் பார்த்தால்?

தம்பி: நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஏறவில்லையா? பெல்ட், ஃபியூஸ், ரெகுலேட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

அக்கா: சார்ஜ் ஏறுகிறது. ஆனால் காலையில் இறங்கிவிடுகிறது. அப்போது?

தம்பி: நன்றாகச் சார்ஜ் ஏற்றி, இரவில் மைனஸ் கேபிளைக் கழற்றி வையுங்கள். காலையில் செல்ஃப் எடுத்தால் பேட்டரி நல்லது. ஒயரிங்கில்தான் கரண்ட் கசிகிறது. அப்போதும் இறங்கியிருந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மாற்றலாம்.

கவனம்!

• சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம்.
• இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றாதீர்கள். ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும்.
• மூடி திறக்கும் பேட்டரியில் தட்டுகள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.
• ஆசிட் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.
• பழைய பேட்டரியை உடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈயம் நஞ்சு. கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தெரிந்துகொள்வோம்: ஈயத் தட்டு பேட்டரியை 1859இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். இன்றும் டிராக்டரில் அதே முறைதான்.

கலந்து பேசுங்கள்

1. எந்தக் கேபிளை முதலில் கழற்ற வேண்டும்? ஏன்?
2. இன்ஜின் ஓடும்போதும் மீட்டர் 12.2 வோல்ட்டையே காட்டுகிறது. புது பேட்டரி வாங்கலாமா?