கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ட்ரோன் – பைலட் ஆவதற்கு என்ன தகுதி?



இந்த ஆண்டு நம் கல்லூரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ட்ரோன் பேச்சுதான். கேன்டீனில் டீ குடிக்கப் போனால், "டேய், கோர்ஸ் சேர்ந்துட்டியா? ஒரே வாரத்துல பைலட்டாம்!" என்கிறான் ஒருவன். "பத்து, இருபது கிலோமீட்டர் அனுப்பலாமாம். அதுக்குத்தான் சம்பளம் ஜாஸ்தி" என்கிறான் இன்னொருவன். என் வகுப்புத் தோழன் ஒருவனின் வீட்டில் இதற்காக நகையை அடகு வைக்கும் வரை பேச்சு போய்விட்டது. கோடை விடுமுறையில் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கி வந்தவன் என்பதால் என்னிடம்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட மலரில் எழுதிவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அந்தத் தோழன் வாங்கப் போகும் சான்றிதழ் வேறு, அவன் கனவு காணும் வேலை வேறு. ட்ரோன் பறப்பதில் இரண்டு வகை உண்டு. பைலட் தன் கண்ணாலேயே ட்ரோனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது ஒன்று. கண் எல்லையைத் தாண்டி அனுப்பி, திரையையும் அளவீடுகளையும் மட்டும் நம்பி ஓட்டுவது மற்றொன்று. இரண்டாவதைத்தான் பி.வி.எல்.ஓ.எஸ். என்கிறார்கள்.

கண் எல்லை என்றால் எவ்வளவு தூரம்? நம் கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், 35 செ.மீ. அகல ட்ரோன் 1,200 மீட்டரில் வெறும் புள்ளியாகிவிடும். அதற்கு வெகு முன்னாலேயே, சில நூறு மீட்டரிலேயே, அதன் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாமல் போகிறது. இடது ஸ்டிக்கா வலது ஸ்டிக்கா என்று கை தடுமாறும் இடம் அதுதான். வயலுக்கு மருந்து தெளிப்பதும் கல்யாண வீட்டில் படம் பிடிப்பதும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். மலைக்கிராமத்துக்கு மருந்து அனுப்புவது அடங்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2021 ஆகஸ்ட் 25-ல் வெளிவந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. சான்றிதழ் பெற வயது 18-க்குக் குறையாமலும் 65-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்துத் தேற வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். 2023-ல் அதைத் தளர்த்தி, அரசு கொடுத்த வேறு அடையாளச் சான்றே போதும் என்றாக்கினார்கள். பத்தாவது முடித்து நேரே வந்த முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் வயசுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். (250 கிராமுக்கு மேற்படாத நானோ ட்ரோனுக்குச் சான்றிதழே வேண்டாம். கை பழக அது போதும்.)

இந்தச் சான்றிதழில் எந்த வகை, எந்த எடைப் பிரிவு என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலான நிலையங்களில் நடக்கும் வகுப்பு, கண் பார்வைக்குள் ஓட்டுவதற்கான வகுப்பே. எல்லை தாண்டிய பறப்பு தனிநபர் அட்டையை மட்டும் வைத்து நடப்பதல்ல. 2021 செப்டம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு அந்தமான் நிக்கோபார், மணிப்பூர், நாகாலாந்து ஆகிய இடங்களில் பறக்கவிட நிபந்தனையுடன் விதிவிலக்கு கொடுத்தார்கள். அந்த அக்டோபர் 4-ம் தேதி, மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்தக் ஏரியில் இருக்கும் கராங் தீவுக்குத் தடுப்பூசி பறந்தது. சாலை வழியே 26 கி.மீ.; ஆகாய வழியே 15 கி.மீ.; பிடித்த நேரம் 12 முதல் 15 நிமிடம். அந்த அனுமதி அமைப்புக்குக் கிடைத்தது. பைலட் அதில் ஒரு அங்கம்.

கனடா நாட்டில் இதை ஒளிவுமறைவின்றி விதியாகவே எழுதிவிட்டார்கள். 2025 நவம்பர் 4 முதல், ஜனநெருக்கம் குறைந்த இடங்களில் எல்லை தாண்டி ஓட்டுகிறவருக்குத் தனிச் சான்றிதழ். அதற்கு 20 மணி நேரத் தரைவகுப்பு, தனித் தேர்வு, பறப்புச் சோதனை எல்லாம் உண்டு. அதோடு, அவரை வேலைக்கு வைக்கும் நிறுவனமும் தனியாகச் சான்று பெற வேண்டும். ஆகவே, ஒரு வாரப் படிப்போடு இந்த வேலையும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், "எந்த அனுமதியின்கீழ்? எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் பேச்சை மாற்றினார்கள்!

படிக்க வேண்டியது எது?

விரல் வித்தை இங்கே பெரிதல்ல. ட்ரோன் தன்னால் பறக்கும். பைலட்டின் வேலையில் பெரும்பகுதி தரையிலேயே, காகிதத்திலேயே முடிகிறது. இரண்டு கணக்கு காட்டுகிறேன்.

ஒரு ட்ரோன் காற்றில் வினாடிக்கு 15 மீட்டர் வேகம் போகும், பேட்டரி 20 நிமிடம் நிற்கும் என்று வையுங்கள். 20 சதவீதத்தைக் கையிருப்பாக ஒதுக்கினால் 16 நிமிடம் நம்முடையது. 6 கி.மீ. போய்த் திரும்ப வேண்டும். காற்று இல்லையென்றால் 13 நிமிடம் 20 வினாடி. தாராளம்! இப்போது வினாடிக்கு 8 மீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. போகும் வேகம் 23. நாலு நிமிடம் 21 வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். திரையில் பேட்டரி 78 சதவீதம் காட்டும். "அடேயப்பா, இன்னும் எவ்வளவு இருக்கு!" என்று மனசு குளிரும். ஆனால் திரும்பும் வேகம் வெறும் 7. அதற்கு 14 நிமிடம் 17 வினாடி வேண்டும். மொத்தம் 18 நிமிடம் 38 வினாடி. வீடு வரும்போது பேட்டரியில் ஏழு சதவீதம் இருந்தால் அதிர்ஷ்டம். "பாதி பேட்டரி தீர்ந்ததும் திரும்பு" என்று பழகியவர்கள் இந்தக் காற்றில் நடுவழியில்தான் இறங்குவார்கள். யார் வீட்டுக் கூரையில் என்பதுதான் கேள்வி.

அடுத்தது ரேடியோ. நான் ஈ.சி.இ. பிரிவு என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம். ட்ரோன் 5 கி.மீ. தூரத்தில் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஆன்டெனா 2 மீட்டர் ஸ்டாண்டில். இரண்டுக்கும் இடையே நேர்க்கோடு வரையுங்கள். நம்மிடமிருந்து 500 மீட்டரில் அந்தக் கோட்டின் உயரம் 7.8 மீட்டர்தான். அங்கே ஒரு பனந்தோப்பு இருந்தால் தொடர்பு போச்சு! அதே கோடு 4 கி.மீ.யில் 48 மீட்டர் உயரத்தில் போகிறது. எந்தப் பனையும் அதைத் தொடாது. நமக்கு எதிரி பக்கத்து மரம், தூரத்து மரம் அல்ல. கோடு மட்டும் தெளிவாக இருந்தாலும் போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ.; 5 கி.மீ. பாதையின் நடுவில் முதல் ஃபிரெனல் வளையத்தின் ஆரம் 12.5 மீட்டர். அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். ஆன்டெனாவை மாடியில் ஏற்றச் சொல்வது இதற்காகத்தான்.

உயரக் கணக்கிலும் சூது உண்டு. திரையில் தெரியும் உயரம் பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. ட்ரோனுக்குக் கீழே இருக்கும் மேட்டிலிருந்து அல்ல. பாரோமீட்டரில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் மாறினால் எட்டு மீட்டர் பொய் சொல்லும். எதிரே ஹெலிகாப்டர் வந்தால்? அது வினாடிக்கு 70 மீட்டர், நாம் 15. ஒன்றரை கி.மீ.யில் தெரிந்தாலும் கையில் இருப்பது 17 வினாடி. அதனால்தான் பறக்கும் முன் வான்பகுதியை விசாரிப்பதும், கேட்டறிய ஆள் வைப்பதும் பாடத்தில் பாதி.

நம் லேபிலேயே செய்யலாம்

ஆர்டுபைலட் என்ற இலவச மென்பொருளில் பாவனைப் பறப்பு இருக்கிறது. மிஷன் பிளானரோடு சேர்த்துக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம்; பைசா செலவில்லை. பறக்கும்போது வேண்டுமென்றே தொடர்பைத் துண்டியுங்கள், ஜி.பி.எஸ்.ஸை நிறுத்துங்கள், காற்றைக் கூட்டுங்கள். தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால், அது 15 மீட்டருக்கு ஏறி நேர்க்கோட்டில் வீடு திரும்பப் பார்க்கும். யாரும் மாற்றாவிட்டால் அதில் இருக்கும் உயரம் அதுதான். நம் ஊர்ப் பனைமரம் 15 மீட்டரோடு நின்றுவிடுவதில்லை! இப்படி ஒவ்வொரு பழுதுக்கும் ட்ரோன் என்ன செய்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள். வேலைக்கு நேர்முகத்துக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போகலாம்.

தோழன் இப்போதைக்கு நகையை எடுக்கவில்லை. தினமும் சாயந்திரம் என்னோடு லேபுக்கு வருகிறான். வயசும் வந்துவிட்டதால், சாதாரணச் சான்றிதழை அடுத்த விடுமுறையில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

உங்களுக்கும் ஒரு கணக்கு. காற்றில் வேகம் வினாடிக்கு 18 மீட்டர், பேட்டரி 30 நிமிடம், கையிருப்பு 20 சதவீதம், போகும்போது பின்காற்று வினாடிக்கு 6 மீட்டர். அதிகபட்சம் எவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம்? 11.52 கி.மீ. என்று வந்தால் சரி. அதே காற்று பக்கவாட்டில் அடித்தால் என்ன ஆகும் என்பதைப் பிதாகரஸை வைத்துப் போட்டுப் பாருங்கள். விடை 12.2 கி.மீ.க்குப் பக்கத்தில் வர வேண்டும்.