பிடிலும் அதன் பல்வகைப் பணியும்

தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என இசைக்கருவிகளை ஐவகைப்படுத்தல் தமிழ் மரபு. வயலின் எனவும் வழங்கும் பிடில் நரம்புக்கருவியின்பாற்பட்டது. இஃது 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் உருப்பெற்றதாயினும், கருநாடக இசையரங்கில் இஃதின்றி வாய்ப்பாட்டு நிகழ்வது அரிது. அயலதாகிய கருவி நமக்கு உரியதாயினமைக்குக் காரணம் யாது? அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், ஐரோப்பாவில் அதன் பணியை நோக்குவாம். ஆங்குள்ள பெருங் கருவிக்குழுவில் பிடில்கள் இரு பிரிவாக அமரும். முதற் பிரிவு பெரும்பாலும் முதன்மை இசையை ஏந்திச் செல்ல, மற்றையது அதனோடு இயையும் வேறு சுரங்களை ஒலிக்கும். பல சுரங்கள் ஒருங்கே இயைதல் அவ்விசையின் சிறப்பியல்பு. ஜெர்மானிய இசைப்புலவர் பாக் 1720-இல் தம் கையால் எழுதிவைத்த ஆறு படைப்புகளில், துணைக்கருவி யாதுமின்றி ஒற்றைப் பிடிலே அவ்வியைபைக் காட்டுகின்றது. அயர்லாந்து மக்களிடையிலோ, இதே கருவி ஆடுவோர் அடிவைப்புக்கு இசைய விரைந்து ஒலிக்கும்.

தென்னாட்டில் இதனை நம் இசைக்கு ஆக்கியோருள் முற்பட்டவர், முத்துசாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசாமி தீட்சிதர் (1786–1858). அவர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் இதனைப் பயின்றார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தப் பிடிலொன்று பரிசளித்தார்.

இங்கு வந்தபின் மாறியன மூன்று. முதலாவது, சுருதி கூட்டல். ஐரோப்பியர் நான்கு தந்திகளையும் ஒன்றற்கொன்று ஐந்தாம் சுரமாக அமைப்பர். நம்மவர் சட்சம், பஞ்சமம், மேற்சட்சம், மேற்பஞ்சமம் எனப் பாடுவோர் குரலுக்கேற்பக் கூட்டுவர். இரண்டாவது, பிடிக்கும் முறை. அவர் தோளில் வைத்து மோவாயால் அணைப்பர். நம்மவர் தரையில் அமர்ந்து கருவியின் தலையை வலப்பாதத்தின்மேல் ஊன்றுவர். அதனால் இடக்கை தாங்கும் சுமை நீங்கித் தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்லும். மூன்றாவது, அவ்வாறு வழுக்கும் விரலினின்று பிறக்கும் கமகம்.

இவற்றிற்கு இடந்தந்தது கருவியின் இயல்பே. வீணைக்கு 24 மெட்டுகள் உள, பிடிலுக்கு ஒன்றுமில்லை. சுரத்தின் இடத்தை வாசிப்போர் செவியே வரையறுத்தல் வேண்டும். ஆர்மோனியமும் ஐரோப்பாவினின்று வந்ததே. ஆனால் அதன் சுரங்கள் கட்டைகளில் நிலைபெற்றமையால் கமகம் அதற்கு இயலாதாயிற்று. அகில இந்திய வானொலி 1940-இல் அதனை விலக்கிற்று. அவ்விலக்கு 1971-இல் ஓரளவு தளர்ந்தது.

பிடில் பக்கவாத்தியந்தானே எனத் தாழ்வாக எண்ணுவாரும் உளர். பாடகர் ஆலாபனை செய்யுங்கால், அடுத்த கணம் அவர் செல்லும் வழி எத்தாளிலும் எழுதப்பட்டிலது. அதனைக் கேட்ட அளவிலேயே நிழல்போல் தொடர்ந்து, தன் முறை வந்தபொழுது அவ்விராகத்தையே தன் கற்பனையால் விரித்தல் எளிதன்று. துவாரம் வேங்கடசாமி நாயுடு (1893–1964) அதே பிடிலைத் தனிக்கச்சேரியிலும் சிறக்க வாசித்துப் புகழ்பெற்றார்.

நம்மவர் அயற்கருவியைத் தள்ளினாரும் அல்லர். அயலார் முறைக்குத் தம் இசையை விட்டுக்கொடுத்தாரும் அல்லர். அயல்மொழிக் கல்வி பயிலும் மாணவராகிய நாமும், கொள்வன கொண்டு, அவற்றை நம் சுருதிக்குக் கூட்டிக்கொள்வோமாக.