திருநாளைப்போவாரும் திரைப்படமும்

திருநாளைப்போவார் நாயனார் புராணம் படிப்பிக்கும் வகுப்பிலே, "நந்தனாரைத் தில்லைக்குப் போகவொட்டாது தடுத்தவர் யார்?" என்று ஆசிரியர் வினாவுவாராயின், மாணாக்கருட் பலர் சிறிதுந் தாமதியாது, "பண்ணைக்கார வேதியர்" என்று விடை கூறுவர். சேக்கிழார் சுவாமிகள் இந்நாயனாருக்கு வகுத்த 37 செய்யுள்களையும் முதலிலிருந்து முடிவுவரை தேடினும் அவ்வேதியரைக் காணல் இயலாது. 40 வேலி நிலத்துப் பயிரை ஓரிரவில் அறுத்து முடிக்கவேண்டுமென்ற கட்டளையும் அங்கே இல்லை. சிவகணங்கள் வந்து அறுத்துக் கொடுத்தமையும் இல்லை. விடைத்தாளிலே சிவப்புக் கோடிட்டுவிட்டு அப்பாற் செல்லுதல் ஆசிரியருக்கு எளிது. ஆயின், காப்பியம் படமாகும்போது இத்தகைய ஒருவர் ஏன் உள்ளே புகுகின்றார் என்பதை ஆராய்ந்தால், படத்தின் இயல்போடு சேக்கிழாரின் இயல்பும் விளங்கும். அதுபற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

வேதியரைப் படைத்தவர் சினிமாக்காரர் அல்லர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் தமது நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலே அவரை அமைத்தார். அக்கீர்த்தனை கதாகாலட்சேபத்துக்கென்று பிறந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் தயங்கியிருந்து, பாரதியார் பாடக் கேட்டபின் மனமுருகி அளித்தனர் என்பதை உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கின்றார். ஏட்டிலே கண்டபோது தோன்றாத அழகு செவியிலே கேட்டபோது தோன்றிற்று. சபையை இரவு நெடுநேரம் இருத்திவைக்க வேண்டிய பாகவதருக்குச் சண்டையும் வேண்டும், கெஞ்சலும் வேண்டும், இடையிடையே நகைப்பும் வேண்டும். ஆதலின் ஆண்டையும் அடிமையும் எதிரெதிரே நின்று பேசும் கதை அவருக்கு வாய்ப்பாயிற்று.

படங்கள் இக்கீர்த்தனை சென்ற வழியே சென்றன. 1935 ஆம் ஆண்டிலே கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்த படம் வெளிவந்தது. அவ்வம்மையாருக்கு அதன்பொருட்டு ஓரிலட்சம் ரூபா கொடுக்கப்பட்டமை அக்காலத்திற் பெரும்பேச்சு. நாயனாராக ஒரு பெண் நடித்தலைச் சனங்கள் பொறுத்துக்கொண்டார்களெனின், அவர்கள் பாட்டுக் கேட்கவே போனார்கள் என்பது தெளிவு. 1942 ஆம் ஆண்டிலே ஜெமினியார் எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாராயினர். அதிலும் வேதியர் உண்டு.

இனி, சேக்கிழாரிடம் தடை எங்கே இருக்கின்றது? நாயனாரின் உள்ளத்திலே இருக்கின்றது. தில்லையைத் தரிசிக்க வேண்டுமென்னும் ஆசை மிக, அவர் இரவெல்லாந் துயிலார். விடிந்தவுடன், தாம் பிறந்த குலத்துக்கு அது பொருந்தாதென எண்ணி ஒழிவர். ஆசை மீளவும் மேலிட, நாளைப் போவேன் என்பர். இவ்வாறே நாட்கள் பல கழிகின்றன. செய்யுளில் "எண்ணினார்" என்னும் வினை ஒன்றே இதற்குப் போதும். நாவலர் பெருமான் 1852 இல் வெளியிட்ட பெரியபுராண வசனத்திலும் இத்தடை சிதையாதிருப்பது, வசனத்துக்கும் அவ்வினை கைவந்தமையாலேயாம். படப்பெட்டியோ எண்ணத்தைப் பிடிக்கமாட்டாது. ஒருவர் மரத்தடியிலே தலைகவிழ்ந்து இருப்பதைக் காட்டினால், பார்ப்போர் அவரை நோயாளி என்பர், அல்லது சோம்பேறி என்பர். பல நாட்கள் சென்றமையை எவ்வாறு காட்டுவது? நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்துக் காட்டலாம், அது நகைப்புக்கிடமாகும். ஆகவே உள்ளிருந்த தடையை வெளியே எடுத்து, அதற்குக் குடுமி வைத்து, பூணூலிட்டு, உரத்த குரலுங் கொடுத்து நிறுத்துகின்றார்கள். வேதியர் பிறந்தது இவ்வாறே.

இதனாற் சேக்கிழாரிடம் கண்ணுக்கு விருந்தாவன இல்லையென்று எவருங் கருதற்க. கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரின் வளம் கூறியபின், அதன் புறத்தேயுள்ள புலைப்பாடிக்கு அவர் நம்மை அழைத்துச் செல்கின்றார். மருதமர நிழலிலே சிறு தோலொன்றை விரித்து உழத்தி தன் குழந்தையைத் துயிலவைக்கின்றாள். புதைத்த தாழியின் நிழலிலே பேடைக்கோழி அடைகிடக்கின்றது. மாமரக் கிளைகளிலே பறைகள் தொங்குகின்றன. தென்னையின் அருகே பொந்தில் நாய் குட்டிகளை ஈன்று கிடக்கின்றது. சோழனுடைய அமைச்சராய் விளங்கிய ஒரு பெரியார் சேரியினுட் புகுந்து கோழி அடைகிடக்கும் தாழிவரை நின்று பார்த்தாரென்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே மேலிடுகின்றது. இதனைப் படமாக்க ஒரு சொல்லையேனும் மாற்றவேண்டியதில்லை.

இன்னொன்று. நந்தனார் கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் கொடுத்தவை உள்ளே சென்றன. அவர் வாயிலுக்கு வெளியே நின்று ஆடினார், பாடினார். உள்ளே முழங்கும் பேரிகையை ஒருகணமும், வெளியே அவ்வொலிக்கு ஆடும் நாயனாரை மறுகணமும் காட்டுக. வேதியர் எதற்கு? ஓர் உரையாடலும் எதற்கு? புராணத்தை ஊன்றிப் படித்த படக்காரருக்கு இவ்வொரு காட்சியே கோபத்தையும் பத்தியையும் ஒருங்கு தரும்.

தீப்புகும் இடம் வேறுவகையில் அரிது. தெற்கு மதிற்புறத்திலே தில்லைவாழந்தணர் தீயமைக்க, நாயனார் புகுந்து முனிவர் வடிவோடு எழுந்து, உள்ளே சென்றபின் ஒருவர் கண்ணுக்கும் புலப்படாராயினர். காணாமற்போதலைக் காட்டுதல் படத்துக்கு ஒரு தந்திரம். காப்பியத்துக்கோ அது மௌனம்.

இனி, ஆசிரியருக்கு மிக நெருங்கிய சங்கடத்துக்கு வருவோம். "தடுத்தவர் வேதியர் அல்லர், நாயனாரின் எண்ணமே" என்று நாம் திருத்தும்போது, கூரிய மாணாக்கனொருவன் எழுந்து, "அவ்வெண்ணத்தை அவருள்ளத்தில் வைத்தவர் யார்?" என்று கேட்பான். கேட்கவேண்டும். 1935 ஆம் ஆண்டுப் படம் ஓடியபோது மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாயில் எல்லார்க்குந் திறந்திருக்கவில்லை. 1939 ஆம் ஆண்டிலேதான் திறந்தது. இலங்கையிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே சனங்கள் நின்று போராட நேர்ந்தது. அவ்வாயிலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருத்தல் கூடும். "புராணத்தில் வேதியர் இலர்" என்னும் உண்மையை, அவர்களுடைய வினாவை அடைக்கும் கதவாகப் பயன்படுத்தும் ஆசிரியர் சேக்கிழாருக்கும் தொண்டு செய்தவராகார்.

எமது கருத்து இது: கொடியவன் ஒருவனைக் காட்டும் கதையே கேட்போருக்கு எளிதாகின்றது. குற்றமெல்லாம் அவன் தலையிலே ஏறிவிடுகின்றது. முடிவிலே அவன் நந்தன் காலில் விழுந்தவுடன் சபையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகின்றனர். சேக்கிழார் கதையிலே கொடியவன் இலன். வேள்விப்புகை எழும் ஊரின் எல்லையை இரவும் பகலும் வலம்வரும் ஒருவரும், அவரை எதுவுஞ் சொல்லாத ஓர் ஊருமே உண்டு. அங்கே குற்றத்தைச் சுமத்த ஒருவர் அகப்படாமையால், அது படிப்பவர் மடியிலேயே வந்து அமர்கின்றது.

இதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினாற் போதும். முதற் பாடவேளையிலே 37 செய்யுள்களையும், இயலாத வகுப்பிலே நாவலர் வசனத்தையும், இடைநிறுத்தாது வாசிக்கச் செய்க. படம் பார்த்த பிள்ளைகள் அதிலே தாம் கண்டு இதிலே காணாதவற்றைத் தாமே எடுத்துச் சொல்லட்டும். இரண்டாம் பாடவேளையிலே வேதியரின்றி ஒரு காட்சி எழுதச் சொல்லுக: இடம், கோயில் வாயிற்புறம், உள்ளே பேரிகை, வெளியே நாயனார், பேச்சு இல்லை.