வரைபடத்தில் பெயர் எங்கே நிற்க வேண்டும்?

மாணவர்களே, பேராக் ஆற்றின் ஒரு கரையில் கோலகங்சார் நகரம் இருக்கிறது. 'லாபு சாயோங்' என்னும் கறுப்பு மண்கூஜாவுக்குப் பெயர்பெற்ற சாயோங் அதன் எதிர்க்கரையில் இருக்கிறது. புவியியல் திட்டப்பணிக்காக இந்த வட்டாரத்தின் வரைபடத்தைக் கணினியில் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாயோங்கைக் குறிக்கும் புள்ளியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டீர்கள். ஆனால் இடம் போதவில்லை என்பதற்காகப் பெயரை மட்டும் ஆற்றின் மறுகரையில் எழுதுகிறீர்கள். பார்ப்பவருக்கு இரண்டு ஊர்களும் ஒரே கரையில் இருப்பதாகத்தான் தோன்றும். வெள்ளக் காலத்தில் எந்தக் கரையினர் எந்தப் பக்கம் செல்ல வேண்டும் என்று காட்டும் வரைபடமாக அது இருந்தால் என்ன ஆகும்?

வரைபடத்தில் பெயர் என்பது அலங்காரமன்று, அதுவும் ஒரு தரவு. புள்ளியைப் போலவே அதன் இடமும் ஒரு செய்தியைச் சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற வரைபடவியலாளர் எடுவார்ட் இம்ஹோஃப், பெயர்களை எப்படி இட வேண்டும் என்பதற்காகவே 1962இல் ஒரு தனிக் கட்டுரை எழுதினார். ஊர்ப்பெயரைப் புள்ளிக்கு வலப்புறம், சற்று மேலே எழுதுவது நல்லது. ஆற்றின் ஒரு கரையில் உள்ள ஊரின் பெயர் அதே கரையில் இருக்க வேண்டும். கடலோர ஊரின் பெயரைக் கடற்பரப்பில் எழுதலாம். இன்றும் வரைபடம் வரைபவர்கள் பெரும்பாலும் இவற்றையே பின்பற்றுகிறார்கள்.

இதைச் செய்து பார்க்க விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 'இங்க்ஸ்கேப்' என்ற இலவச வரைகலை மென்பொருள் போதும். 'கிம்ப்' மென்பொருளும் இலவசம்தான். ஆனால் அது புகைப்படங்களுக்கு ஏற்றது. படத்தைச் சின்னஞ்சிறு சதுரப் புள்ளிகளாகச் சேமிப்பதால், பெரிதாக்கும்போது எழுத்தின் ஓரம் படிக்கட்டு போல் உடையும். இங்க்ஸ்கேப், கோடுகளையும் எழுத்துகளையும் கணிதச் சமன்பாடுகளாக வைத்துக்கொள்கிறது. ஏ4 தாளுக்கு வரைந்ததைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கினாலும் எழுத்து கூர்மையாகவே இருக்கும்.

அடிப்படைப் படத்திற்கு 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' தளத்தில் பேராக் பகுதியைப் படமாக எடுத்து இங்க்ஸ்கேப்பில் கொண்டு வாருங்கள். அதை அடியில் ஓர் அடுக்காக வைத்துப் பூட்டிவிடுங்கள். அதற்கு மேல் ஆறு, ஊர்ப்புள்ளி, பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனி அடுக்குகள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் போட்டால், ஒரு பெயரை நகர்த்தப் போய் ஆற்றையே இழுத்துக்கொண்டு வருவீர்கள்.

ஊர்ப்பெயர் எழுதுவது எளிது. எழுத்துக் கருவியைத் தேர்ந்தெடுத்து, புள்ளிக்கு அருகில் சொடுக்கித் தட்டச்சு செய்தால் போதும். எழுத்துரு யூனிகோடு முறையில் அமைந்ததாக இருக்கட்டும். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' இலவசமாகக் கிடைக்கிறது.

ஆற்றின் பெயர்தான் சுவையான பகுதி. அது ஆற்றோடு சேர்ந்து வளைய வேண்டும். இதற்குப் பலர் ஆற்றின் கோட்டையே பயன்படுத்துவார்கள். அது வேண்டாம். உண்மையான ஆறு நெளிந்து நெளிந்து போகும். கூர்மையான வளைவில் எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஆற்றின் பொதுவான போக்கை மட்டும் பின்பற்றி, அதன் பக்கத்தில் மென்மையாக வளையும் ஒரு வழிகாட்டிக் கோட்டைத் தனியாக வரையுங்கள். பிறகு 'பேராக் ஆறு' என்ற எழுத்தையும் அந்தக் கோட்டையும் ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, 'டெக்ஸ்ட்' பட்டியலில் 'புட் ஆன் பாத்' என்பதைச் சொடுக்குங்கள். எழுத்து கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

தலைகீழாக உட்கார்ந்ததா? நீங்கள் கோட்டை வலமிருந்து இடமாக வரைந்திருப்பீர்கள். கோடு வரைந்த திசையில்தான் எழுத்து ஓடும். 'பாத்' பட்டியலில் உள்ள 'ரிவர்ஸ்' அதைத் திருப்பிவிடும். பேராக் ஆறு வடக்கிலிருந்து தெற்கே பாய்வதால், மேலிருந்து கீழாகக் கோடு வரைந்தால் எழுத்தின் தலை வலப்புறம் இருக்கும். வேலை முடிந்ததும் வழிகாட்டிக் கோட்டின் நிறத்தை மட்டும் நீக்குங்கள். கோட்டையே அழித்தால் பெயர் வளைவை இழந்துவிடும்.

ஆங்கில வரைபடங்களில் நீர்நிலைகளின் பெயர்களைச் சாய்வெழுத்தில் காண்பீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் இல்லை. கணினி வலிந்து சாய்த்தால் எழுத்து பார்க்க நன்றாயிராது. ஆகவே நீல நிறம் ஒன்றே போதும். இன்னொன்று, 'மலாக்கா நீரிணை' போன்ற பெயரைக் கடல் முழுவதும் பரப்ப எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடுவார்கள். தமிழில் அப்படிச் செய்யும்போது கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுப் பிரியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சாலைக்கோட்டின் மேல் விழும் பெயரைப் படிக்க முடியாது. அதற்கு எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வேண்டும். 'ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்' பலகையில் விளிம்புக்கு வெள்ளை நிறம் கொடுங்கள். உடனே எழுத்து மெலிந்து போகும். காரணம், விளிம்பின் பாதி வெளியே இருக்க, மறுபாதி எழுத்தின் உடலுக்குள் விழுகிறது. 2 மில்லிமீட்டர் விளிம்பு கொடுத்தால் 1 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். அதே பலகையில் 'ஆர்டர்' என்னும் இடத்தில், விளிம்பு அடியிலும் நிறம் மேலேயும் வரும்படி மாற்றினால் எழுத்து பழைய பருமனுக்குத் திரும்பும்.

இனி லுமுட். கடலோர ஊர் என்பதால் விதிப்படி பெயரைக் கடலில் எழுத வேண்டும். ஆனால் எதிரே பங்கோர் தீவு! சிறிய வரைபடத்தில் லுமுட்டின் பெயர் தீவை மூடிவிடும்; தீவின் பெயரே லுமுட் என்றுகூட ஒருவர் நினைக்கலாம். இங்கே விதியை விட்டுவிட்டு, லுமுட்டை நிலப்பக்கமும் பங்கோரின் பெயரைத் தீவுக்கு மேற்கே கடலிலும் எழுதுவதே சரி என்பது என் கருத்து.

இதையெல்லாம் கணினியே முடிவு செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெயருக்குப் புள்ளியைச் சுற்றி 4 இடங்கள் உண்டு என்றால், 20 ஊர்களுக்கு 4-இன் அடுக்கு 20, அதாவது ஒரு டிரில்லியனுக்கும் அதிகமான அமைப்புகள் உள்ளன. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாத மிகச் சிறந்த அமைப்பைக் கண்டுபிடிப்பது, கணினியியலில் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நிறுவியிருக்கிறார்கள். அதனால் தானியங்கி மென்பொருள்கள் 'ஓரளவு நல்ல' விடையோடு நிறுத்திக்கொள்கின்றன. இடமில்லாத பெயரை விட்டும்விடுகின்றன. கைப்பேசி வரைபடத்தைப் பெரிதாக்கும்போது திடீரென ஒரு கம்பத்தின் பெயர் முளைப்பது இதனால்தான். உங்கள் வரைபடத்தில் 20 பெயர்தான். மாலை ஒன்றில் கையாலேயே அதைவிட நன்றாகச் செய்துவிடலாம்.

கோப்பை ஆசிரியருக்கு அனுப்புமுன் இரண்டு வேலைகள். அவர் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் எல்லாப் பெயர்களும் உருமாறிவிடும். எனவே ஒரு நகல் எடுத்து, அதில் பெயர்களை எல்லாம் தேர்ந்தெடுத்து 'ஆப்ஜெக்ட் டு பாத்' கட்டளையால் கோட்டுருவங்களாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, அதனால்தான் நகல். அடுத்து, வரைபடத்தின் மூலையில், அடிப்படைத் தரவு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்களுடையது என்று ஒரு வரி எழுதுங்கள். அவர்கள் தரவை இலவசமாகத் தருவது அந்த நிபந்தனையின் பேரில்தான்.