எவ்வளவு நீரில் எவ்வளவு? கரைசல் கலக்கச் சில குறிப்புகள்

ஓ.ஆர்.எஸ்., தரை துடைக்கும் பிளீச், ஊறுகாய்க்கு உப்புத் தண்ணீர் என்று வீட்டில் தினமும் எதையாவது கரைக்கிறோம். "ரெண்டு மூடி ஊத்து", "ஒரு பாக்கெட் போடு" என்பது பாதிக் கணக்குதான். எவ்வளவு நீரில் என்பதும் தெரிந்தால்தான் கணக்கு முழுசாகும்.

1. முதலில் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. உறையில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே பிரியுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் உப்பு பல மடங்கு கூடிவிடும். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி, உடலின் செல்களிலிருந்து நீர் வெளியேறும். குணமாக்க வேண்டியதே உயிருக்கு ஆபத்தாகிவிடும். தண்ணீர் கூடினால் இழந்த உப்பு திரும்பாது. பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரித்துக் கலக்காதீர்கள். உப்பும் குளுக்கோஸும் இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், மீந்தால் கொட்டிவிடுங்கள்.

2. பாக்கெட் கையில் இல்லாத அவசரத்துக்கு: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன் என்றால் 5 மி.லி. சாப்பிடும் ஸ்பூன்கள் ஆளுக்கொரு அளவில் இருப்பதால், மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை அளக்க 1 லிட்டர் பாட்டில் போதும். கலந்ததும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

3. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. இருப்பதும் உண்டு, 250 மி.கி. இருப்பதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கலாம். "போன தடவை 5 மி.லி. கொடுத்தோம்" என்று சொட்டு மருந்தில் 5 மி.லி. கொடுத்தால் அது 500 மி.கி.; 125 மி.கி. சிரப்பைப்போல நான்கு மடங்கு. டாக்டரிடம் எத்தனை மி.லி. என்று மட்டும் கேட்காமல், எத்தனை மி.கி. என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

4. இன்சுலின் குப்பியில் 40 என்று இருந்தால் 1 மி.லி.யில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தை 40-க்கான ஊசியில் ஏற்றினால் உடலுக்குள் இரண்டரை மடங்கு போய்விடும். புதுக் குப்பி வாங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

5. லேபிளில் 5% என்பதற்குப் பக்கத்தில் 'டபிள்யூ/வி' என்றிருந்தால், 100 மி.லி. கரைசலில் 5 கிராம். 'வி/வி' என்றால் 100 மி.லி.யில் 5 மி.லி.

6. பிளீச் திரவத்தை நீர்க்க வைக்க ஓர் எளிய வழி: பாட்டிலில் இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். அத்தனை பங்கு தண்ணீர். 5 சதவீத ஹைப்போகுளோரைட்டை 0.1 ஆக்க, 50-இல் 1 போக 49 பங்கு. அதாவது 20 மி.லி.க்கு 980 மி.லி. வாடை தூக்கலாக இருந்தால்தான் கிருமி சாகும் என்று கூடுதலாக ஊற்றுவது தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. அன்றன்றைக்குக் கலந்து கொள்ளுங்கள். நீர்த்த பிளீச் சீக்கிரம் வீரியம் இழக்கும். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

7. தெளிந்த நீர் உள்ள 1,000 லிட்டர் தொட்டிக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம் போதும். மக்கில் குழைத்து நீர் விட்டு, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம்.

8. மாங்காய், நெல்லிக்காய் ஊறப்போட 10 சதவீத உப்பு நீர் வேண்டுமா? 900 மி.லி. தண்ணீரில் 100 கிராம் உப்பு. தராசு இல்லாவிட்டால் புது முட்டையைப் போடுங்கள். மிதந்தால் ஏறத்தாழ அந்த அளவு. பழைய முட்டை நீர்த்த கரைசலிலும் மிதந்து ஏமாற்றும். தூத்துக்குடி உப்பளங்களில் கண்ணாடி மிதவைமானியை மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பதும் இதே அடிப்படையில்தான். பாமே அளவில் 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும்.

9. பாகு பதம் பார்ப்பதும் செறிவை அளப்பதே. நீர் சுண்டச் சுண்டக் கொதிநிலை ஏறும். தண்ணீரில் விட்ட துளி மெத்தென்று உருண்டால் சர்க்கரைப் பாகின் சூடு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ், சர்க்கரை சுமார் 85 சதவீதம்.

10. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண், 1 லிட்டரில் எத்தனை மி.கி. உப்புகள் கரைந்துள்ளன என்பதன் தோராயம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500. கிருமியை அந்த மீட்டர் காட்டாது. 150 என்று காட்டும் தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

11. நீர்த்து வைத்த எதன் மேலும் பெயர், சதவீதம், கலந்த தேதி மூன்றையும் ஒட்டுங்கள். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.