பீஸ் எவ்வளவு? எதற்கு? – கேட்டுக் கொடுப்போம்



நம் குழுக்களில் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள் இன்று நிறைய பேர். மாவு அரைக்கிறோம், ஊறுகாய் போடுகிறோம், தையல் மிஷின் வைத்திருக்கிறோம். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். ஆனால் ஆடிட்டர் ஆபீஸிலோ வக்கீல் ஆபீஸிலோ போய் உட்கார்ந்தால் நமக்கு வாயே திறப்பதில்லை. "படிச்சவங்க கேக்குறாங்க, நமக்கு என்ன தெரியும்" என்று கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

ஒரு உதாரணம்

ஒரு சகோதரி வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25,000 ரூபாய்க்கு விற்பனை. மிளகாய், மல்லி, கரண்ட், கவர், பஸ் செலவு எல்லாம் போக கையில் நிற்பது 4,000 ரூபாய். ஒரு கடைக்காரர், "லைசென்ஸ் நம்பர் இருந்தால்தான் பாக்கெட்டை வைப்பேன்" என்கிறார். உடனே டவுனில் பதிவு வேலை செய்து தரும் ஒருவரிடம் போகிறார். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார்:

உத்யம் பதிவு – 2,000
உணவுப் பாதுகாப்புப் பதிவு – 2,500
ஜி.எஸ்.டி. பதிவு – 3,000
இதர செலவு – 1,000
மொத்தம் – 8,500 ரூபாய்

இரண்டு மாத லாபம் முழுவதும் போனாலும் இந்தப் பணம் தேறாது. இது போக, ஜி.எஸ்.டி. கணக்குக்கு மாதம் 500 ரூபாய் என்கிறார். வருஷத்துக்கு 6,000. அதாவது ஒன்றரை மாத உழைப்பு.

இந்தச் சீட்டு சரியா, தவறா? பார்த்தவுடனே சொல்ல முடியாது. முதலில் பிரிக்க வேண்டும்.

எந்தப் பில்லையும் மூன்றாகப் பிரியுங்கள்

1. அரசுக் கட்டணம்: அரசாங்கத்துக்குப் போகும் பணம். இதற்கு அரசு ரசீது உண்டு.
2. கைச்செலவு: பத்திரம், நகல், தபால், போக்குவரத்து.
3. கூலி: வேலை செய்து தருபவரின் உழைப்புக்கும் படிப்புக்கும் நாம் கொடுப்பது.

கூலி கேட்பது தப்பே இல்லை. நம் தையலுக்கு நாம் கூலி வாங்குவது போலத்தான். கூலியையும் அரசுக் கட்டணத்தையும் ஒன்றாகக் கலந்து, "கவர்மெண்ட் பீஸே இவ்வளவு" என்று சொல்வதுதான் தப்பு.

இப்போது சீட்டை வரி வரியாகப் பார்ப்போம்

உத்யம் பதிவு: சிறு தொழில்களுக்கான இந்தப் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கு அரசுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஆதார் எண்ணும் அதோடு இணைத்த செல்போனும் வேண்டும். எந்தக் காகிதத்தையும் பதிவேற்றத் தேவையில்லை. புதுப்பிக்கவும் வேண்டாம். "உங்க உத்யம் காலாவதி ஆகிடுச்சு, பணம் கட்டுங்க" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் வாங்கும் தனியார் தளங்களும் உண்டு. தள முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். மாவட்டத் தொழில் மையத்திலும் இந்தப் பதிவுக்கு உதவி கேட்கலாம். ஆக, சீட்டில் உள்ள 2,000 முழுவதும் கூலி. ஒரு படிவம் நிரப்ப இந்தக் கூலி தகுமா என்று நீங்களே யோசியுங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு: தின்பண்டமோ மசாலாவோ விற்பவருக்கு இது கட்டாயம் தேவை. கடைக்காரர் கேட்டதும் இதைத்தான். 2011-ஆம் ஆண்டு விதிகளில் சிறு தயாரிப்பாளருக்குப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். இன்றைக்கு எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் அன்று அரசுத் தளத்திலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அந்தத் தொகை போக மீதி அவருடைய கூலி.

ஜி.எஸ்.டி. பதிவு: இதற்கும் அரசுக் கட்டணம் இல்லை. அதைவிட முக்கியமான கேள்வி, இந்தச் சகோதரிக்கு இது தேவையா என்பது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். வெளி மாநிலத்துக்கு விற்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நம் சகோதரியின் ஆண்டு விற்பனை 3 லட்சம்தான், அதுவும் உள்ளூரில். பதிவு எடுத்துவிட்டால் விற்பனைக்கு வரி கட்ட வேண்டும். குறித்த தேதியில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஒன்றுமே விற்காவிட்டாலும் கணக்குக் கொடுக்க வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம். தேவையில்லாத இந்த ஒரு பதிவால் 3,000 ரூபாய் போவதோடு, மாதா மாதம் 500-ம் போகிறது.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் அதை அப்படியே போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ரத்து செய்ய முறையாக விண்ணப்பித்து, இறுதிக் கணக்கும் கொடுத்து முடிக்க வேண்டும்.

இதர செலவு: இந்த வரியைக் கண்டால் நின்று கேளுங்கள். நகலா, தபாலா, பஸ்ஸா? "ஆபீசருக்குக் கொடுக்கணும்மா" என்று பதில் வந்தால் அதற்குப் பெயர் லஞ்சம். 2018-ல் திருத்திய சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். அந்தப் பணம் உண்மையிலேயே அதிகாரியிடம் போகிறதா என்பதும் நமக்குத் தெரியாது. "அப்படிக் கொடுத்து எனக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிடுங்கள்.

கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

• வேலை தொடங்கும் முன்பே தொகையைப் பேசுங்கள். "முடிச்சப்புறம் பாத்துக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.
• எந்த வேலை, எத்தனை நாள், அரசுக் கட்டணம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.
• குறைந்தது இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். இ-சேவை மையத்திலும் கேட்டுப் பாருங்கள்.
• முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.
• ஒரிஜினல் பத்திரங்களைக் கொடுக்காதீர்கள். நகலில் "இந்தப் பதிவுக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.
• பதிவில் உங்கள் செல் நம்பர்தான் இருக்க வேண்டும். கடவுச்சொல்லையும் கேட்டு எழுதி வையுங்கள். அது அவரிடம் மட்டும் இருந்தால், நாளைக்கு வேறு ஆளிடம் போக நினைத்தாலும் போக முடியாது.
• வரி வேலை செய்கிற எல்லோரையும் நம் ஊரில் ஆடிட்டர் என்கிறோம். பட்டயக் கணக்காளர் என்றால் உறுப்பினர் எண் இருக்கும். கேட்பதில் தப்பில்லை.

எப்படிக் கேட்பது?

"சார், நான் குழுவில் கடன் வாங்கித் தொழில் செய்றேன். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதணும். இதுல கவர்மெண்டுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் குடுங்க."

இவ்வளவுதான். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நேர்மையானவர் சந்தோஷமாகவே எழுதித் தருவார். கோபப்பட்டால், ஏன் கோபப்படுகிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கொடுத்த பிறகு சந்தேகம் வந்தால்

முதலில் நேரில் போய்ப் பிரித்த பில்லும் அரசு ரசீதும் கேளுங்கள். தரவில்லை என்றால் ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகலும் தபால் ரசீதும் நம்மிடம் இருக்கட்டும்.

அடுத்ததாக, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பட்டயக் கணக்காளர் மீதான புகாரை அவர்களுடைய பட்டயக் கணக்காளர் கழகத்துக்கு அனுப்பலாம். வக்கீல்களின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் மீதான புகார் பார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். "கேஸ் ஜெயித்தால் வரும் பணத்தில் பங்கு" என்று வக்கீல் பீஸ் பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. பீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கவும் அவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது.

எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய ஒன்று: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

மறுபடி அந்தச் சீட்டு

நம் சகோதரி இப்படிக் கேட்டிருந்தால் ஜி.எஸ்.டி. வரியும் இதர செலவும் சீட்டிலிருந்து போயிருக்கும். 4,000 ரூபாய் மிச்சம். மாதம் 500-ம் மிச்சம். மீதி இரண்டு பதிவுக்கும் கூலியைப் பேசிக் குறைத்திருக்கலாம். ஒரு மாத லாபம் வீட்டிலேயே நின்றிருக்கும்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. கடந்த ஒரு வருடத்தில் நம் உறுப்பினர்கள் எந்தெந்தப் பதிவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? எல்லோரும் தொகையைச் சொல்லுங்கள். ஒரே வேலைக்கு ஆளுக்கு ஒரு விலை இருக்கிறதா?
2. யாரிடம் ரசீது இருக்கிறது, யாரிடம் இல்லை?
3. தேவையில்லாத பதிவு எடுத்து மாதா மாதம் பணம் கட்டுபவர் யாராவது உண்டா?
4. பத்துப் பேர் சேர்ந்து ஒரே நபரிடம் வேலை கொடுத்தால் கூலியைக் குறைத்துப் பேச முடியுமா?

பேசி முடித்ததும், "பிரித்த பில் இல்லாமல் யாரும் பீஸ் கொடுப்பதில்லை" என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். விலைப் பட்டியலையும் எழுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். பக்கத்து ஊர்ச் சகோதரிக்கும் அது உதவும்.